விங் பேக் யாரு?

மூணாறு எஸ்டேட் கால்பந்துக் கோப்பையின் இறுதிப் போட்டி மறுநாள். தொழிற்சாலை வாட்ஸ்அப் குழுவில் ஆளுக்கொரு கற்பனை அணி போட வேண்டும். எடுத்த ஆட்டக்காரர்கள் மைதானத்தில் ஆடுவதற்கேற்பப் புள்ளி. மாரீஸ்வரிதான் முதலிடம். அவள் கணிப்பு தவறியதில்லை என்பதால், அவளைப் பார்த்துத்தான் மற்றவர்கள் அணியையே போடுவார்கள்.

விங் பேக் இடத்துக்கு வந்ததும் அவள் விரல் நின்றது. அந்த இடத்தில் ஆடுபவன் ஓரத்தில் நின்று தடுக்கவும் வேண்டும், ஏறிப்போய் அடிக்கவும் வேண்டும்.

“இதுல யோசிக்க என்னக்கா இருக்கு? சுடலைமணி அண்ணன்தான்,” என்றாள் கூட வேலை செய்யும் ஆர்த்தி.

“பிச்சைமணியப் போடுறேன்.”

“அவனா? பந்து வந்தா ஒதுங்கி வழிவிடுவான்.”

 மாரீஸ்வரி பிச்சைமணியின் பெயரைப் போட்டு அனுப்பினாள்.

“புள்ளிக்காக யாரை வேணா கழட்டி விடுவீங்க போல. நெஞ்சுல ஈரமே இல்லக்கா உங்களுக்கு.”

மாரீஸ்வரி போனை இடுப்பில் செருகிக்கொண்டு வேலைக்குத் திரும்பினாள்.

சாயங்காலம் அவள் வீட்டுக்குள் நுழையும்போதே, குழுவில் அவள் போட்டதைப் பார்த்த எஸ்டேட் அணியின் கோச் போனில் வந்தார்.

“மாரி, சுடலைய நீயே எடுக்கலன்னா அவனுக்கு என்னமோ இருக்கு. என்னம்மா?”

“நான் ஒண்ணும் சொல்லலண்ணே.”



“சரி. நாளைக்கு அவன வெளிய உக்கார வைக்கேன்.”

போனை வைத்துவிட்டு, வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை எடுத்துப்போய்க் கணவனின் வீங்கிய முழங்காலில் ஒத்தினாள்.

“இன்னொரு தடவ பிசகினா நடக்கவே முடியாதுன்னு டாக்டர் சொன்னத யாருகிட்டயும் சொல்லிறலயே?” என்றான் சுடலைமணி.

“ஒங்க தலையில அடிச்சு சத்தியம் பண்ணிருக்கேன்ல,” என்றாள் மாரீஸ்வரி.