புரிஞ்சுது சார்

"புரிஞ்சுதா?" என்றார் முருகையன்.

"புரிஞ்சுது சார்" என்று பதினோரு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். அந்த ஒற்றுமையைப் பார்த்தாலே தெரிந்தது, ஒருவருக்கும் புரியவில்லை என்று.

பன்னிரண்டாவது ஆள் மட்டும் கையைத் தூக்கினார். லின். தைவானிலிருந்து ரமணாசிரமத்துக்கு வந்தவர். வந்த இடத்தில், செங்கம் ரோட்டில் டயர் கடை மாடியில் முருகையன் நடத்தும் 'தொண்ணூறு நாளில் ஆங்கிலம்' வகுப்பிலும் சேர்ந்திருந்தார்.

"சார், பாரோ, லெண்டு இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? எங்கள் மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல்தான்" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

வகுப்பு சிரித்தது. அதிகம் சிரித்தவன் முன் பெஞ்சு அன்பரசன். பி.காம். முடித்துவிட்டு ஒரு லாட்ஜில் ரிசப்ஷனில் இருப்பவன்.

"வாங்கறதுக்கும் குடுக்கறதுக்கும் வித்தியாசம் தெரியாம இந்த சீனாக்கா எப்படித்தான் குடும்பம் நடத்தறாங்களோ" என்றான்.

"தைவான்பா" என்று திருத்தினாள் பக்கத்து பெஞ்சு வினோதினி. திருத்திவிட்டு அவளும் சிரித்தாள்.

லின்னுக்குத் தமிழ் தெரியாது. எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாத அளவுக்கு அவர் அப்பாவியும் இல்லை. தூக்கிய கையை இறக்காமல் பதிலுக்காக நின்றார்.

"வெளிநாட்டுக்காரங்களுக்கே தகராறு, பாருங்க" என்று வகுப்பைப் பார்த்துக் கண்ணடித்தார் முருகையன். "வாங்கினா பாரோ, குடுத்தா லெண்டு. அஞ்சாங்கிளாஸ் பாடம்மா இது."

கீழே ரோட்டில் தொங்கிய பேனரில் மட்டும் லின்னின் படத்தைப் பெரிதாகப் போட்டிருந்தார். 'வெளிநாட்டினரே தேடி வரும் வகுப்பு.'

அன்பரசன் சிரித்தபடியே நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, சார் சொன்னதை எழுதிக்கொண்டான்.

மறுநாள் லின் கேட்டது சீ, லுக், வாட்ச். அதற்கு மறுநாள் ஹியர், லிசன். தினமும் ஒன்று, தினமும் சிரிப்பு. டீ இடைவேளையில் நோட்டை பெஞ்சிலேயே போட்டுவிட்டு அன்பரசன் கீழே இறங்கி, டீக்கடை வாசலில் லின் மாதிரியே கையைத் தூக்கி நடித்துக் காட்டுவான். வெயிலுக்குப் பயந்த லின் மேலேயே உட்கார்ந்திருப்பார்.

"உனக்கு அதெல்லாம் தெரியுமாப்பா?" என்று ஒருநாள் வினோதினி கேட்டாள்.

"இதுகூடத் தெரியாமயா? பி.காம். படிச்சிருக்கேன்."

பி.காம். படித்தவன் ஏற்கெனவே இரண்டு இன்டர்வியூவில் இங்கிலீஷால் கோட்டை விட்டிருந்தான். அடுத்த வாரம் மூன்றாவது. வேங்கிக்காலில் புதிதாகத் திறக்கும் பெரிய ஓட்டலில் ரிசப்ஷன் வேலை. இதுவும் போனால், சொந்த ஊர் கீழ்பென்னாத்தூருக்கே வந்து மல்லாட்டைக் கொல்லையில் கடலை விவசாயத்தைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார் அப்பா.

இன்டர்வியூவில் மேனேஜர் அம்மா கேட்டார். "கெஸ்ட் ஒருத்தர் கிரிவலம் கிளம்புகிறார். வெளியே மழை. அவரிடம் குடை இல்லை. என்ன சொல்வீர்கள்?"

அன்பரசனுக்கு 'பாரோ' நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சட்டென்று லின் கையைத் தூக்கியது நினைவுக்கு வர, 'லெண்டு' என்று மாற்றிச் சொல்லிவிட்டான். அடுத்த நாலு கேள்விக்கும் அப்படியே தப்பித்தான். வேலை கிடைத்தது.

பாதுஷா பெட்டியோடு வகுப்புக்கு வந்தான்.

"எல்லாம் நம்ம ட்ரெயினிங்" என்றார் முருகையன்.

"சொந்த முயற்சியும் இருக்கு சார்" என்றான் அன்பரசன்.

அன்றுதான் லின்னுக்கும் கடைசி நாள். டீ இடைவேளை முடிந்து எல்லாரும் மேலே வந்ததும் பையோடு எழுந்து நின்றார்.

"இன்னைக்கு டவுட் ஒண்ணும் இல்லையா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார் முருகையன்.

"இல்லை சார். தீர்ந்துவிட்டது."

"ஒருவழியா மண்டையில ஏறிடுச்சு" என்றான் அன்பரசன். வகுப்பு சிரித்தது. லின் எல்லாரையும் கும்பிட்டுவிட்டுப் படியிறங்கினார்.

முருகையன் பாடத்தை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். அன்பரசன் வழக்கம்போல நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினான்.

வகுப்பில் சேர்ந்த நாளிலிருந்து, கேட்டால் மானம் போகும் என்று கேட்காமலே அவன் ஆங்கிலத்தில் எழுதி வைத்திருந்த சந்தேகங்கள் அதில் இருந்தன. மொத்தம் பதினைந்து. முதலாவது பாரோ, லெண்டு. அவை ஒவ்வொன்றாக லின் வாயிலிருந்து வந்ததை அண்ணாமலையார் புண்ணியம் என்றே இதுவரை நினைத்திருந்தான்.

இன்று பதினான்குக்குப் பக்கத்திலும் பென்சிலில் சின்னச் சின்ன டிக். அடியில் அழகான கையெழுத்தில் ஆங்கிலம்.

'இவற்றை நான் பள்ளியிலேயே கற்றுவிட்டேன், இதே மாதிரிச் சிரிப்பு வாங்கி. நான் ஊருக்குப் போகிறேன். பதினைந்தாவதை மட்டும் நீங்கள் கேளுங்கள்.'

அன்பரசனுக்கு முகம் சுட்டது. டீக்கடை வாசலில் ஆடிய ஆட்டமெல்லாம் நினைவுக்கு வந்து, மேசைக்கு அடியில் புகுந்துவிடலாம் போல இருந்தது.

"புரிஞ்சுதா?" என்றார் முருகையன்.

"புரிஞ்சுது சார்" என்றார்கள் பத்துப் பேர்.

அன்பரசன் கையைத் தூக்கினான்.

"சார்... சே, டெல். ரெண்டுக்கும் என்ன சார் வித்தியாசம்?"

வகுப்பு சிரித்தது.

"சீனாக்கா போயி சீனாண்ணன் வந்துட்டாரு" என்றாள் வினோதினி. இன்று அதிகம் சிரித்தவள் அவள்தான்.

சிரித்தபடியே தன் நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள்.