நோன்பு வாய்

"யார்னு தெரிஞ்சு போச்சு. இன்னும் வாயை மூடிக்கிட்டு இருந்தா நீங்க என்னங்க ஜமாத் தலைவர்?"

ஹபிபுல்லாவிடம் அவர் மனைவி ஜுலைகா கேட்டதில் தப்பே இல்லை. அன்று விடியற்காலையில்தான் பள்ளிவாசல் கஞ்சிக் கொட்டகைக்குத் தீ வைத்து, அண்டாக்களைக் கடப்பாரையால் குத்தி, சுவரில் 'ஊரை விட்டு ஓடு' என்று கரியால் எழுதிவிட்டுப் போயிருந்தார்கள்.

பொழுது விடிந்ததுமே கோயில் தர்மகர்த்தா அண்ணாதுரை ஓடி வந்தார். அன்னதான அண்டாவை வண்டியில் ஏற்றி அனுப்பினார். "கொட்டகை எரிஞ்சா எரியட்டும் பாய். கஞ்சி நிக்கக் கூடாது."

ஹபிபுல்லா வீட்டு வாசலில் கஞ்சி கொதித்தது. சாயங்காலம் எல்லாத் தெருக்காரர்களும் வழக்கம்போல் பாத்திரத்தோடு வந்தார்கள்.

சிந்தாமணியின் தூக்கு மட்டும் வரவில்லை. சீக்குப் பிள்ளைக்காக நோன்பு தொடங்கியதிலிருந்து தினமும் முதல் ஆளாக நிற்பவள்.

ஹபிபுல்லாதான் அதைக் கவனித்தார். கஞ்சியை ஊற்றி ஜுலைகாவிடம் கொடுத்து அனுப்பினார். போன இடத்தில் சிந்தாமணியின் புருஷன் சிவசுப்பிரமணியன், வலது கையைத் துண்டுக்குள் ஒளித்தான். மணிக்கட்டு வரைக்கும் தீக்காயம். என்னாச்சு என்றதற்கு நாக்கு குழறியது. சிந்தாமணி அழுதுவிட்டாள்.

"நாளைக்கு அவன்தான் கஞ்சி கிண்டணும். ஆள் அனுப்பியிருக்கேன்" என்றார் ஹபிபுல்லா.

"எரிச்சவனா?"

"அவனேதான். எரிச்ச கையே ஆக்கட்டும்."

"என்னமோ பண்ணுங்க. எஸ்.ஐ. வந்து கேட்டா நான் உள்ளதைச் சொல்லிருவேன். நோன்பு வச்ச வாயில பொய் வராது."

அவள் சொன்னால் சொன்னதுதான். மற்ற மாதங்களில் எப்படியோ, நோன்பு மாதத்தில் மருமகள் புதுப் புடவையைக் காட்டினால்கூட, நன்றாக இல்லை என்றால் இல்லை என்றே சொல்லிவிடுவாள்.

மறுநாள் சிவசுப்பிரமணியன் வந்தான். யார் முகத்தையும் பார்க்கவில்லை. முதல் வேலையாகக் கரி எழுத்தின் மேல் சுண்ணாம்பு அடித்தான். புண்ணில் பட்டு எப்படி எரிந்திருக்கும்? அவன் கையை எடுக்கவில்லை. பிறகு ஹபிபுல்லா வீட்டு வாசலில் துடுப்பைப் பிடித்தவன் சாயங்கால அசர் தொழுகை முடிந்தும் விடவில்லை. கொப்புளம் உடைந்து துடுப்பெல்லாம் ஈரம்.

"ஆள் மாத்திக்கலாம்பா" என்றார் ஹபிபுல்லா.

"வேணாம் பாய்."

வரிசையின் கடைசியில் சிந்தாமணி, தூக்கை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு நின்றாள். ஜுலைகாவுக்குக் கோபம் துளியும் குறையவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஜீப் வந்தது.

"யார் மேலயாவது சந்தேகம் இருக்கா?" என்றார் எஸ்.ஐ.

"எங்களுக்குப் புகார் இல்லீங்க சார்" என்றார் ஹபிபுல்லா.

எஸ்.ஐ.யின் பார்வை அண்டாப் பக்கம் போனது.

"என்னய்யா கையில? தீக்காயமா?"

துடுப்பு நின்றது. அண்டா பக்கத்தில் நின்றிருந்த தர்மகர்த்தா அண்ணாதுரை தரையைப் பார்த்தார். கதவோரம் நின்ற ஜுலைகா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு இறங்கி வந்தாள். ஹபிபுல்லா கண்ணை மூடிக்கொண்டார். தடுத்தால் கேட்கிற ஆளா அவள்?

"உங்களுக்கு ஏதாவது தெரியுமாம்மா?"

"தெரியும் சார்" என்றாள் ஜுலைகா. "கஞ்சி தெறிச்சிருச்சு. நோன்பு முடியிற வரைக்கும் இவருதான் கிண்டப் போறாரு. இன்னும் தெறிக்கும்."