கேட்காத பதில்

“ஹலோ… ஹலோ! இன்னாங்க, ஒண்ணுமே கேக்கலியே!”

கொல்லைக் கதவோரம் நின்ற அன்புச்செல்வன் போனைத் தட்டிப் பார்த்தான். லைன் கிடைத்திருந்தது, குரல்தான் வரவில்லை. கச்சிராயபாளையத்தைத் தாண்டி மலையை ஒட்டப் போகப் போக சிக்னல் கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆகிவிடும். அதற்கும் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. நமக்குக் கேட்காவிட்டால் போகிறது, நம் சேதியைச் சொல்லிவிட்டு வைத்துவிட வேண்டியதுதான்.

அவன் போனில் சார்ஜ் இல்லை. இது அப்பா சுப்புராயனுடையது. சென்னையிலிருந்து வந்த தங்கை இலக்கியா, போன வாரம் காதுமிஷினோடு சேர்த்து வாங்கி, இரண்டையும் ஏதோ அமுக்கி இணைத்துக் கொடுத்துவிட்டுப் போனாள். கரும்பு வெட்ட ஆள் சொல்ல வேண்டும் என்று பொய் சொல்லி, அவர் மடியிலிருந்து எடுத்து வந்திருந்தான்.

மிஷின் மாட்டிய நாளிலிருந்து அப்பா, சத்தமே இல்லாத கூடத்தில் உட்கார்ந்து, தொடையில் தாளம் போட்டுத் தலையாட்டிக்கொண்டிருந்தார். கிழவருக்குப் புத்தி பிசகிவிட்டது என்று அன்புச்செல்வன் முடிவு கட்டியிருந்தான். அந்த முடிவு அவனுக்கு வசதியாகவும் இருந்தது.

கூடத்தை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, வாயைக் கையால் மறைத்துக்கொண்டான்.

“எனக்குக் கேக்கல, உங்களுக்குக் கேக்கும்ல? நாளைக்குக் காலைல அப்பாவ உங்க முதியோர் இல்லத்துக்கு இட்டுனு வந்துடறேன். கண்ணு டாக்டராண்ட போறோம்னு சொல்லி வச்சிருக்கேன், அவுருக்கு ஒண்ணும் தெரியாது. அப்பறம் திருப்பி இட்டுனு போங்கன்னு மட்டும் கூப்பிடாதீங்க. துணிமணி எத்தினி எடுத்துனு வரணும்?”

காதில் வெறும் நிசப்தம். பெற்ற அப்பனை இப்படித் தள்ளிவிடுகிறோமே என்று ஒரு கணம் தோன்றியது. ஒரு கணம்தான். போனை வைத்தான்.

கூடத்தில் தாளம் நின்றிருந்தது. அப்பா காதைப் பொத்திக்கொண்டு, தரையைப் பார்த்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தார். கண் கலங்கியிருந்தது.

அன்புச்செல்வனுக்குத் திக்கென்றது. “இன்னாப்பா, காது வலிக்குதா?”

“நீ இன்னா பேசினியோ, அது கேக்கலடா. போன்ல அந்த ஆளு சொன்னதுதான் பூராவும் இந்த மிஷின்ல வந்துச்சு.”

பிறகு நிதானமாகச் சொன்னார்.

“ரெண்டு வேட்டி போதுமாம்.”