திறக்காத வேப்பெண்ணெய்

வளர்ந்துவரும் கோழிக்குஞ்சுகள் எல்லாம் ஒன்றை மட்டும் மூலையில் ஒடுக்கி இறகு பிடுங்கின. வாலடியில் ரத்தம் தெரிந்தது. சுகந்தி அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

“வேப்பெண்ணெயத் தடவி விடு. கசந்தா ஒண்ணும் கிட்ட வராது,” என்றாள் பக்கத்து வீட்டுப் பேச்சியக்கா.

அடுப்படியில் ஒரு பாட்டில் இருந்தது. மகனுக்குப் பால்குடி மறக்கடிக்க வாங்கியது. மார்பில் தடவ மனசு வராமல் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டாள். அதற்குள் காய்ச்சல் அவனைக் கொண்டுபோய்விட்டது. மூடியை இன்றுதான் திறந்தாள்.

தடவிக் கீழே விட்டதும் பெரிய குஞ்சு ஓடிவந்து ஒரு கொத்து கொத்தியது. அலகைத் தரையில் தேய்த்துவிட்டு, திரும்பிப் பாராமல் போனது.

“பாத்தியா, அவ்வளவுதான்,” என்றாள் பேச்சியக்கா.

சுகந்தி முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள். மார்பில் ரவிக்கை பால் கசிந்து நனைந்திருந்தது.