எதிராளியின் கன்வெர்ட்டர்

எதிராளியின் லேப்டாப்பும் நூலகத்தின் ப்ரொஜெக்டரும் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லை.

ப்ரொஜெக்டர் அரதப் பழசு. அதன் வாய் ஒரு தினுசு, அவருடைய கேபிளின் முனை வேறு தினுசு. நடுவில் விரல் நீளத்துக்கு ஒரு கன்வெர்ட்டர் இருந்தால்தான் சம்பந்தம் கூடிவரும்.

அவர் பையைத் துழாவினார். பிறகு சட்டைப் பை. பிறகு மறுபடியும் அதே பை. இரண்டாம் தடவை தேடினால் பொருள் முளைத்துவிடும் என்று நம்புகிற ரகம்.

அந்தக் கன்வெர்ட்டர் என் கைப்பையில் இருந்தது. என்னுடையது இல்லை, அவருடையதேதான். எப்படி வந்தது என்று இப்போது கேட்காதீர்கள்.

மேஜைக்கு அந்தப் பக்கம் நூலகக் கமிட்டி: செயலாளர், பொருளாளர், விழித்திருப்பதுபோல் ஓர் உறுப்பினர். நூலகத்தின் இருபது கணினிகளிலும் எந்த இயங்குதளத்தைப் போடுவது என்று இன்றைக்கு முடிவாகிவிடும். எங்கள் நிறுவனத்தினுடையதற்கு வருஷா வருஷம் உரிமக் கட்டணம். எதிராளி கொண்டுவந்திருப்பது லினக்ஸ். அதற்குக் காசே வேண்டாம், பழுதுபார்க்கக் கூப்பிட்டால் மட்டும் கூலி. பொருளாளரோ ஓசியில் கிடைத்தால் பினாயிலையும் குடிப்பவர்.

இந்த ஆர்டரும் கை நழுவினால் என் சீட்டு கிழிந்துவிடும் என்று மேலாளர் காலையில்தான் போனில் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார்.

முதலில் பேசியது நான். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. எங்களுடையது ஒருநாளும் பாதியில் காலை வாராது என்று சொல்லி வாய் மூடவில்லை, திரை இருண்டு, அப்டேட் ஆகிறது, அணைக்க வேண்டாம் என்று ஒரு வட்டம் சுற்றத் தொடங்கியது.

கமிட்டி அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. எதிராளி கூரையைப் பார்த்து இருமினார்.

அது இருமல் இல்லை, அடக்கிய சிரிப்பு. எனக்கா தெரியாது?

இப்போது அவர் முறை. நான் சும்மா உட்கார்ந்திருந்தாலே போதும், ஆர்டர் தானாக வந்து மடியில் விழும். பொருளாளர் ஏற்கெனவே கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

எதிராளியின் நெற்றி வேர்த்திருந்தது. காலர் ஒரு பக்கம் உள்ளே மடங்கிக் கிடந்தது. காலையில் ஒரு வாய்கூடச் சாப்பிடாத முகம்.

பாவமாக இருந்தது. அப்படிப் பாவமாக இருந்தது எனக்கு எரிச்சலாகவும் இருந்தது.

கைப்பையைத் திறந்து கன்வெர்ட்டரை எடுத்து மேஜையில் வைத்தேன். வைத்த சத்தம் கொஞ்சம் பலமாகவே கேட்டது.

அவர் அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ரொம்ப நன்றி, மேடம்."

செயலாளர் நெகிழ்ந்துபோனார். போட்டி என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று உறுப்பினரை எழுப்பிச் சொன்னார்.

ப்ரொஜெக்டர் கண்ணைத் திறந்தது. எதிராளி வாயைத் திறந்தார். அதற்குப் பிறகு யாரால் மூட முடியும்? சுதந்திரம், பகிர்வு, யார் வேண்டுமானாலும் உள்ளே திறந்து பார்க்கலாம்... எனக்கு எல்லாம் மனப்பாடம். அடுத்து என்ன வரும் என்று அவருக்கு முன்பே என் உதடு அசைந்துகொண்டிருந்தது.

இருபது கணினிகளும் அவருக்கே போயின. யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்கள். எனக்கு ஒரு கன்வெர்ட்டர் போதுமானதாக இருந்தது.

மேலாளரிடம் என்ன சொல்வது என்று யோசித்தபடி வெளியே வந்தேன்.

வாசலில் ஸ்கூட்டரைக் கிளப்பி, சற்று முன்னால் நகர்ந்து, பின்னால் இடம் விட்டு உட்கார்ந்திருந்தார் எதிராளி.

"ஏறுங்க, மேடம். வீட்டுல பால் இல்ல, வழியில வாங்கிட்டுப் போயிடலாம்."

வீட்டுக் கணினியிலிருந்து அவருடைய லினக்ஸைத் துடைத்துவிட்டு எங்களுடையதைப் போட்டிருந்தேன். அன்றிலிருந்து நாலு நாளாக என் கணவர் என்னோடு பேசவில்லை. இன்று காலையிலும் பேச்சில்லாமல், ஒரே மேஜையில் கிடந்ததையெல்லாம் ஆளுக்கொரு பக்கமாக வாரிப் பையில் போட்டுக்கொண்டு, அவர் ஸ்கூட்டரிலும் நான் பஸ்ஸிலுமாகக் கிளம்பினோம். அந்த நாலு நாளில் அவர் எனக்கென்று சொன்ன முதல் வார்த்தை, கமிட்டி முன்னால் சொன்ன அந்த நன்றிதான்.

ஏறி உட்கார்ந்து அவர் காலரைச் சரிசெய்தேன்.

வீட்டுக் கணினியில் போட்டதை மட்டும் எடுக்க மாட்டேன்.