நேரில் சொல்ல வேண்டிய செய்தி

கைப்பேசியை அணைத்து மேசை இழுப்பறைக்குள் போட்டார் கிளென் டஃபீல்ட். விடிந்ததிலிருந்து நிருபர்களின் நச்சரிப்பு. யாரைக் கொடுக்கிறீர்கள், யாரை வாங்குகிறீர்கள் என்று ஒரே கேள்வி.

ஐஸ் ஹாக்கி அணிகள் ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்ள இன்று மதியத்தோடு கெடு முடிகிறது. கர்ட் ஓலாஃப்சனை ஹாலிஃபாக்ஸுக்குக் கொடுப்பதாக அந்த ஊர் மேனேஜரிடம் இப்போதுதான் பேசி முடித்திருந்தார். தோற்றுக்கொண்டே இருக்கும் அணிக்கு வேறு வழி தெரியவில்லை.

கர்ட்டின் மனைவி இங்கேதான் பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். தன் பெண் குழந்தைகள் சறுக்கி விளையாட வீட்டுக்குப் பின்னால் தண்ணீர் ஊற்றி உறைய வைத்திருந்தான் கர்ட். கிளென் அதைப் போய்ப் பார்த்துவிட்டுக்கூட வந்திருந்தார்.

போனில் சொல்லிவிடலாம்தான். ஆனால் விளையாடிய காலத்தில், தன்னை வேறு அணிக்குத் தள்ளிவிட்ட செய்தியை சலூன் ரேடியோவில் கேட்டவர் அவர், பாதி முகத்தில் சோப்பு நுரையோடு. மேனேஜராக வந்தபின், எவனாக இருந்தாலும் நேரில் போய்ச் சொல்வதென்று வைத்திருந்தார்.

கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார். கீழே லார்ன் ஸ்கேட்டுகளைச் சாணை பிடித்துக்கொண்டிருந்தார். அணியின் தட்டுமுட்டுச் சாமான்கள் எல்லாம் அவர் பொறுப்பு.

"முட்டி எப்படி இருக்கு, டஃபி?"

"எந்த முட்டி?"

"வலிக்காத முட்டி."

"அப்படி ஒண்ணு என்கிட்ட இல்லை."

டஃபி என்பது ஆடிய நாட்களின் பட்டப்பெயர். மேனேஜர் ஆனதிலிருந்து லார்ன் 'பாஸ்' என்பதைத் தவிர வேறெப்படியும் கூப்பிட்டதில்லை. அவ்வளவு பாவமாகவா இருக்கிறது நம் முகம் என்று நினைத்துக்கொண்டார் கிளென்.

"ஒரு காபி குடிச்சிட்டுப் போயேன்."

"அப்புறம். கர்ட்கிட்ட ஒரு விஷயம் பேசணும்."

"அவன்கிட்ட மட்டும் ஏன்? எல்லாப் பயலுகளுக்கும் ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போ."

பனித்தளத்தில் பயிற்சி தொடங்கியிருந்தது. கோச் அவரைப் பார்த்ததும் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் குனிந்து ஷூ கயிற்றைச் சரிசெய்தார். கிளென் தடுப்புக்கு இப்பால் நின்று கர்ட்டைக் கையசைத்துக் கூப்பிட்டார்.

அவன் சறுக்கி வந்து நின்றான். அதற்குள் பின்னால் யாரோ மட்டையால் பனியைத் தட்டினார்கள். இன்னொருவன் சேர்ந்துகொண்டான். பிறகு மொத்த அணியும், டக் டக் டக் என்று.

அணியை விட்டு ஒருவன் போகும்போது மற்றவர்கள் செய்யும் மரியாதை அது. இந்த ஊரில் எதையும் மூடி வைக்க முடியாது.

"பசங்களுக்கு உன்மேல அவ்வளவு பிரியம், கர்ட். நான் சொல்றதுக்குள்ள யாரோ சொல்லிட்டான் பாரு."

"என்ன சொல்லிட்டான்?"

"ஹாலிஃபாக்ஸ். நாளைக்கே கிளம்பணும். உன் பொண்டாட்டிகிட்ட வேணும்னா நானே வந்து பேசுறேன். எனக்கும் இது பிடிச்சுச் செய்யறதில்லைப்பா."

கர்ட் திரும்பி அணியைப் பார்த்தான். தட்டல் நிற்கவில்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தது கர்ட்டை அல்ல.

அவன் கையுறையைக் கழற்றிவிட்டுக் கையை நீட்டினான்.

"உங்களை வேலையை விட்டு எடுத்துட்டாங்கன்னு கோச் இப்பதான் சொன்னார், பாஸ்."