விலையைக் கூட்டிக் கேட்டவர்

மதியச் சாப்பாட்டைப் பிரிக்கும்போதுதான் குமரகுருபரனின் போனில் அந்த விளம்பரம் வந்தது.

‘வளைகுடா ஒரு ரூபாய் நோட்டு. ஒரிஜினல். விலை ரூ. 1,500.’

பழைய நோட்டுகள் சேகரிப்பவர்களின் குழுவில் யாரோ அதைப் பகிர்ந்து, ‘சார், இது தேறுமா?’ என்று அவரைக் கேட்டிருந்தார்கள். பாளையங்கோட்டைக் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் அவர் மேலாளர். ஆனால் குழுவில் இருநூறு பேருக்கு அவர்தான் தீர்ப்புச் சொல்கிறவர்.

சிவப்பு நோட்டு. அறுபது வருடத்துக்கு முன்பு குவைத், பஹ்ரைன் பக்கம் மட்டும் செல்லும்படி இந்தியா அச்சடித்தது. நல்ல நிலையில் இருந்தால் பதினைந்தாயிரத்துக்குக் குறையாது.

விற்கிறவர் பெயர் உள்ளூர் வண்டி எண் போல ‘டிஎன் 72’ என்றிருந்தது. கணக்குத் தொடங்கி ஆறு நாள். இதற்கு முன் எதையும் விற்றதில்லை. வாங்கியவர்கள் போட்ட நட்சத்திரம் ஒன்றுகூட இல்லை. படத்தில் முன்பக்கம் மட்டும்.

போன வருடம் ராதாபுரத்து ஆசிரியர் ஒருவர் இதே போல மலிவாக வந்ததை வாங்கி, உறையைப் பிரித்தால் உள்ளே கலர் ஜெராக்ஸ் இருந்தது.

‘விட்டுவிடுங்கள்’ என்று குழுவில் எழுதினார். ஏழெட்டுப் பேர் கைகூப்பி நன்றி சொன்னார்கள்.

எழுதிய பிறகுதான் மடிப்பைக் கவனித்தார். நோட்டு நான்காக மடிந்து வெகுகாலம் இருந்திருக்கிறது. மடிப்பில் சாயம் தேய்ந்து காகிதத்தின் நார் தெரிந்தது. ஜெராக்ஸில் அது வராது.

அவர் கேட்கிறார் என்று தெரிந்தால் விற்கிறவர்கள் விலையை ஏற்றிவிடுவார்கள். அதற்காக ‘பொருநை’ என்று இன்னொரு கணக்கு வைத்திருந்தார். அதிலிருந்து பின்பக்கத்தின் படம் கேட்டார்.

பத்து நிமிடத்தில் வந்தது.

விரலால் பெரிதாக்கினார். ஓரத்தை இன்னும் பெரிதாக்கினார். டிபன் பாக்ஸை அப்படியே மூடி வைத்தார்.

பிறகு எழுதினார்: ‘நோட்டு அசல்தான். நீங்கள் சொல்லும் விலை மிகவும் குறைவு. பதினைந்தாயிரம் தருகிறேன்.’

அந்தப் பக்கம் எதையோ தட்டச்சு செய்வது தெரிந்தது. நின்றது. மறுபடி தொடங்கி, மறுபடி நின்றது. பதில் வரவில்லை.

கால் மணி நேரத்தில் மதார் போன் செய்தார்.

மதார் மேலப்பாளையத்துக்காரர். ஆறாம் வகுப்பிலிருந்து இருவரும் ஒரே பெஞ்சு. இருபது வருடமாக வளைகுடாப் பக்கம் தம்மாமில் வேலை. எட்டு மாதமாக லீவில் வந்திருப்பதாகத்தான் எல்லோரிடமும் சொல்லியிருந்தார். அடுத்த மாதம் திரும்பிவிடுவேன் என்று ஒவ்வொரு மாதமும் சொன்னார்.

வீட்டில் எல்லோரும் சுகமா என்று விசாரித்துவிட்டு, தனக்குத் தெரிந்த ஒருத்தர் பழைய நோட்டு ஒன்றை ஆன்லைனில் விற்கப் போட்டிருக்கிறார் என்று ஆரம்பித்தார். அதில் ஒரு சந்தேகம், அவ்வளவுதான்.

“ஏலே, சொன்ன விலையவிட பத்து மடங்கு தாரேங்கான் ஒருத்தன். குறைச்சுக் கேக்கவனப் பாத்திருக்கேன். கூட்டிக் கேக்கவன் களவாணிப் பயலாத்தான இருப்பான்?”

குமரகுருபரன் அந்த ஆளின் பெயரைக் கேட்டார். ‘பொருநை’ என்று போட்டிருக்கிறது என்றார் மதார்.

“எனக்குத் தெரிஞ்ச ஆளுதாம்லே. பயப்படாம குடுக்கச் சொல்லு.”

அந்தத் தெரிந்தவருக்கு மனசில் ஒரே ஒரு உறுத்தல்தான் என்றார் மதார். அது அவர் காசு கொடுத்து வாங்கிய நோட்டு இல்லை. முதல் தடவை வெளிநாட்டுக்குக் கிளம்பினபோது சிநேகிதன் ஒருத்தன் கொடுத்தது. விற்றுவிட்டது அவனுக்குத் தெரியாமல் இருந்தால் நல்லது என்று நினைக்கிறார்.

தெரிய வராது என்றார் குமரகுருபரன்.

போனை வைத்ததும் திரையில் மறுபடி அந்தப் படம் வந்தது. நோட்டின் ஓரத்தில், பென்சிலில், பொடியாக: ‘நல்லபடியா போயிட்டு வா.’

இருபது வருடத்துக்கு முன்பு ஜங்ஷனில் மதாரின் ரயில் கிளம்ப ஐந்து நிமிடம் இருக்கும்போது, ஜன்னல் கட்டையில் வைத்து குமரகுருபரன்தான் அதை எழுதினார். எழுதினால் நோட்டின் மதிப்பு போய்விடும் என்று அப்போதே அவருக்குத் தெரியும். இன்றைக்கு அதை ஐயாயிரத்துக்குக்கூட யாரும் கேட்க மாட்டார்கள்.

சாயங்காலம் ‘டிஎன் 72’ சம்மதித்து, அனுப்ப வேண்டிய முகவரியைக் கேட்டது.

தன் வீட்டு முகவரியையோ அலுவலக முகவரியையோ கொடுக்க முடியாது. பக்கத்து மேசை சிவசண்முகம் தினமும் விக்கிரமசிங்கபுரத்திலிருந்து வந்து போகிறவர். அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, அவர் பெயரையும் அவர் வீட்டு முகவரியையும் கொடுத்தார். பணத்தையும் அன்றைக்கே, தன் பெயர் தெரியாதபடி விளம்பரத் தளத்தின் வழியாகவே செலுத்திவிட்டார்.

நான்காம் நாள் காலையில் சிவசண்முகம் ஒரு பதிவுத் தபால் உறையைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார்.

“தபால்காரரு குடுக்க மாட்டேன்னுட்டாரு சார். இந்தப் பேருல இங்கன யாரும் கிடையாதேங்காரு. நாந்தான் பேசி வாங்கியாந்தேன்.”

குமரகுருபரன் உறையைத் திருப்பிப் பார்த்தார்.

தெரு, கதவு எண், பின்கோடு எல்லாம் அவர் கொடுத்தபடியே இருந்தன. பெறுநர் பெயர் மட்டும் வேறு. மதாரின் சாய்ந்த கையெழுத்தில், முதலெழுத்தும் புள்ளியும் தவறாமல், ‘பி. குமரகுருபரன்’ என்று எழுதியிருந்தது.